வளையம் இரண்டு எங்கே? ஜூரா மேட்டில் ஒரு வேளாண் கண்காட்சி

முதலில் ஒரு மன்னிப்பு. ஏழு மாதமாக இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது வந்து எனக்குத் தெரியாத விடயத்தைப் பற்றி எழுதப்போகிறேன். நான் குதிரையில் ஏறியதே இல்லை. பக்கத்தில் நின்றால் அது எந்தக் காலைத் தூக்குகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவரை இங்கே ஏரிகளையும் கேபிள் கார்களையும் பற்றி எழுதியபோது, படித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பலர். இந்தப் பயணமும் அப்படி ஒரு குடும்பம் போய்வரக்கூடியதுதான். அந்த ஒரு துணிவில் எழுதுகிறேன்.

போனது 2024 ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. போன காரணம் துஷா.

துஷாவும் நானும் சுவிஸில், லாங்கன்தால் என்ற சிறு நகரத்தில் ஒரே மாடிக்கட்டடத்தில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளுக்கு ஓர் அலுவலகத்தில் தொழிற்பயிற்சி கிடைத்தது. ஒரு வருடம் போனாள். பிறகு விட்டுவிட்டு, ஜூராவில் ஒரு பண்ணையில் குதிரைப் பராமரிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அவளுடைய அப்பா ரஞ்சன் மாமாவுக்கு அது பெரிய அடி. "சாணி அள்ளவோ உன்னை இஞ்ச கொண்டந்து வளத்தனான்?" என்று அன்றைக்கு அவர் கேட்டது கீழ்மாடியில் எங்களுக்கும் கேட்டது. அதன்பிறகு இரண்டு வருடம் அவர் குதிரை என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை. வெளியில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "மிருக வைத்தியம் படிக்கிறா" என்பார்.

இந்தக் கோடையில் துஷா முதல் தடவையாக, குதிரையில் தடைகளைக் கடக்கும் போட்டி ஒன்றில் ஓடுவதாக இருந்தது. மூன்று நிமிட ஓட்டம். அப்பா அதைப் பார்க்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அம்மா மூலம் கேட்டாள். மாமா ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒருக்கா வாறன். அதோட உந்தக் கதையை விடுவம்."

எங்கள் வீட்டில் முதலாவதாகப் பட்டம் எடுத்தவள் நான். அதனால் தெரிந்தவர்களுக்கு வரும் கடிதம், படிவம் எல்லாம் என் மேசைக்கு வரும். எழுத்து என்றால் எனக்குப் பயமில்லை. வாயால் கதைக்கச் சொன்னால்தான் குரல் வராது. கண்காட்சியின் நிகழ்ச்சி நிரல் பிரெஞ்சில் மட்டும் இருந்தது. மாமாவுக்கு வேலையிடத்து ஜெர்மன்தான் தெரியும். எனவே நான் அதைத் தமிழில் எழுதி, போட்டி நடக்கும் வேலியிட்ட வளையங்களுக்கு நிலப்படமும் கீறி, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். "துஷா: வளையம் 2, காலை 11.20க்குத் தொடங்கும், ஆறாவது இலக்கம்" என்பதற்குக் கீழே சிவப்புக் கோடும் போட்டேன். அந்தத் தாளைப் பற்றி எனக்கு நல்ல பெருமை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மாமாவும் மாமியும் காரில் வந்தார்கள், ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றர். எனக்கு ஜூரா வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும், அதனால் ரயிலில் போனேன். காலை 6.43க்கு லாங்கன்தாலில் ஏறி, ஒல்ரனிலும் பீலிலும் தவானிலும் மாறினேன். தவானில் நிற்பது சிறிய சிவப்பு ரயில். புல்வெளிக்கு நடுவே, மாடுகளுக்கு வழிவிட்டுக்கொண்டு போவதுபோல மெதுவாகப் போகும். கவனிக்க வேண்டியது ஒன்று: சிறிய நிறுத்தங்களில் பொத்தானை அழுத்தினால்தான் அது நிற்கும். எனக்கு முன்னால் இருந்த இளம் சோடி அழுத்தாமல் இருந்துவிட்டு, தங்கள் நிறுத்தம் யன்னலால் போவதைக் கைகாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திறாம்லாவுக்குக் கொஞ்சம் அப்பால், கண்காட்சி நடக்கும் கிராமத்தில் 9.12க்கு இறங்கினேன். பாதி விலை அட்டை வைத்திருப்பவர்கள் நகராட்சியின் நாள் ரிக்கெற்றைப் பத்து நாளுக்கு முன்னமே வாங்கினால் 39 பிராங். போகவர அதுவே போதும்.

நிறுத்தத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. நுழைவு 8 பிராங், பன்னிரண்டு வயதுக்குள் இலவசம். முதல் பார்வைக்கே மனம் நிறைந்துவிடும். பெரிய தேவதாரு மரங்கள், நடுவே வேலியில்லாத பசும்புல், அதில் மண்ணிறக் குதிரைகள். இந்தப் பகுதியின் குதிரை இனம் உயரம் குறைந்தது, கால் தடித்தது, கண் அமைதியானது. வண்டியும் இழுக்கும், ஆளையும் சுமக்கும். மாடுகளுக்குப் பூமாலை கட்டியிருந்தார்கள். பாற்கட்டி, தேன், உழவு இயந்திரம், முயல்கூடு எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன.

துஷாவைப் பண்ணை வண்டிகளுக்குப் பக்கத்தில் கண்டேன். அவளுடைய குதிரை லிசெற், ஐந்து வயது. நெற்றியில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத தனி மண்ணிறம். துஷா தும்புத் தூரிகையால் அதைத் தேய்த்தபடி, திரும்பாமலே சொன்னாள்: "நிவே, வளையம் மாத்திப்போட்டாங்கள். ராத்திரி மழையில இரண்டாம் வளையம் சேறு. நாங்கள் மேல, சேர்ச்சுக்குப் பின்னால இருக்கிற வயல்ல. கீழ மாடுகளை விடினம்."

"எங்கயும் போட்டிருக்கினமோ?"

"செயலகக் கூடாரத்தில ஒரு தாள் குத்தி இருக்கு. மைக்கிலயும் ஒருக்கா சொன்னவை."

அந்தத் தாளைப் போய்ப் பார்த்தேன். பாற்கட்டிப் போட்டி முடிவுகளுக்குக் கீழே, கையெழுத்தில் இரண்டு வரி. நான் உடனே மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

10.40க்கு மாமி மட்டும் வாசலில் வந்து நின்றார், இரண்டு பெரிய பைகளோடு. மாமா அவரை இறக்கிவிட்டுக் கார் விடப் போயிருந்தார். கார் விடும் வயல் ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது (5 பிராங், காசுத் தாளாகவோ நாணயமாகவோ வைத்திருங்கள், அட்டை எடுக்கமாட்டார்கள்). "அவர் தன்ர பாட்டில வந்திடுவார், நீ குதிரையைக் காட்டு" என்றார் மாமி. இடம் மாறியதை மாமா செய்தியில் பார்த்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

துஷா இலக்கத் துணி வாங்கப் போயிருந்தாள். லிசெற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மாமி கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து கைப்பையைத் திறந்து, சிறிய துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்தார். காலையில் மகளின் பெயரில் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறார்.

"பிள்ளைக்குப் பூசுவம் எண்டு கொண்டந்தனான். ஓடப்போறது இவள்தானே. இவளுக்கும் பூசுவம்."

தண்ணீர் தொட்டுத் திருநீற்றைக் குழைத்து, லிசெற்றின் நெற்றியில் மூன்று பட்டை இழுத்தார். நடுவில் சந்தனம். குதிரை தலையைத் தாழ்த்திக் காட்டியது. "பார் பிள்ளை, எவ்வளவு பக்தியா நிக்கிறாள்" என்று மாமி சிரித்தார். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

துஷா ஓடிவந்தாள். தாய் அவசரமாக அவள் நெற்றியிலும் ஒரு கீற்று வைத்தார். "அப்பா எங்க?" என்று கேட்டபடியே பக்கவாட்டால் சேணத்தில் ஏறிவிட்டாள். ஏறினவருக்குக் குதிரையின் நெற்றி தெரியாது. அதை நான் அன்றுதான் அறிந்தேன்.

மேல் வயல் வாசலில் ஒரு பெண் கோப்போடு நின்றார். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கடவுச்சீட்டு உண்டு. அதில் முகத்திலும் காலிலும் எங்கெங்கே வெள்ளை இருக்கிறது என்று படம் கீறியிருக்கும். அதைப் பார்த்துத்தான் சரியான குதிரையா என்று உறுதி செய்வார்கள். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், லிசெற்றைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் நெற்றி வெறுமை. எதிரே மூன்று வெள்ளைப் பட்டை, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு.

துஷா குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்றாள்.

"என்ன? திருநீறு பூசினால் மறிப்பினமோ?"

அந்தப் பெண் கோபிக்கவில்லை. ஆனால் விதி விதிதான். குதிரையின் தோலில் என்ன பூசியிருந்தாலும் மிருக வைத்தியர் பார்க்கவேண்டும், பிறகு கழுவவேண்டும். வைத்தியர் விரலால் தொட்டு மணந்து பார்த்தார். கழுவத் தண்ணீருக்கு நானூறு மீற்றர் கீழே போகவேண்டும், மேல் வயலில் குழாய் இல்லை. துஷாவின் முறை போய்விட்டது. ஆறாவதாக இருந்தவளைப் பதினான்காவதாக, கடைசியில் போட்டார்கள்.

அப்போது 11.35. மாமாவைக் காணவில்லை.

நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமி தலையில் கைவைத்தார். "ஐயோ, வழி காட்டுறதுக்கு எண்டு போனைக் காரில கொழுவி வச்சவர். எடுக்காமல் இறங்கியிருப்பார்."

போன் இல்லை. பிரெஞ்சு தெரியாது. கையில் இருப்பது என்னுடைய தாள் மட்டும். அந்த மனிதர் எங்கே போயிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய எழுத்து, சிவப்புக் கோடு: வளையம் 2.

கீழே ஓடினேன். எழுநூறு மீற்றர், கூட்டத்துக்குள்ளால். இரண்டாம் வளையத்தைச் சுற்றி ஆட்கள் நாலு வரிசையாக நின்றார்கள், உள்ளே மாடுகள் நடந்துகொண்டிருந்தன. முதுகுகளைப் பார்த்தபடி ஒரு சுற்று வந்தேன். மாமா குட்டை, தெரியவில்லை. மணி 11.55. இன்னும் இருபது நிமிடத்தில் துஷா ஓடிவிடுவாள். அவர் பார்க்காமல் போனால், "ஒருக்கா வந்தனான்தானே" என்று கார் எடுத்துக்கொண்டு போய்விடுவார், இனி வரமாட்டார். அது எனக்குத் தெரியும், துஷாவுக்கும் தெரியும்.

வளையத்தின் மூலையில் ஒரு வண்டியில் அறிவிப்பாளர் இருந்தார். பெரிய மீசை, பூவேலை செய்த நீலச் சட்டை. படியில் நின்று என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் சொன்னேன்: ஒருவரைத் தேடுகிறேன், அவருடைய மகள் மேலே ஓடப்போகிறாள்.

"அவருக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் நான் சொல்லி என்ன பயன்?" என்று ஒலிவாங்கியை என் கையில் தந்துவிட்டார்.

வாழ்க்கையில் நான் மேடையில் கதைத்தது பட்டமளிப்பில் 'நன்றி' என்ற ஒரு சொல். ஒரு மாடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அந்த மாட்டைப் பார்த்துக் கதைத்தேன்.

"ரஞ்சன் மாமா, நான் நிவேதா கதைக்கிறன். நீங்கள் நிக்கிற இடம் பிழை. உங்கட பிழை இல்லை, தாள் பிழை. துஷா இன்னும் ஓடேல்லை. மேல மணிக்கூண்டு தெரியுது பாருங்கோ, சேர்ச், அதுக்குப் பின்னால வாங்கோ. நடக்காதேங்கோ, ஓடி வாங்கோ."

முழு மேட்டிலும் தமிழ் கேட்டது. பிறகு வளையத்துக்கு அந்தப் பக்கம், முன்வரிசையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு குட்டை மனிதர் கையைத் தூக்கினார். மற்றக் கையில் என் தாள். நல்ல இடம் போய்விடும் என்று பதினொரு மணியிலிருந்து அசையாமல் நின்றிருக்கிறார்.

அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அண்ணை, ஓடுங்கோ, ஓடுங்கோ!" என்று கூட்டத்தை விலக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்: "தங்கச்சி, நாங்கள் பிரெஞ்சுப் பக்கம், ரெனானில இருந்து வந்தனாங்கள். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியும், நாங்களும் துலைஞ்சுதான் நிக்கிறம்!"

மாமா ஓடினார். அறுபது வயதுக்கு நல்ல ஓட்டம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க, "மாடெல்லாம் வருது, குதிரையைக் காணேல்லை. சுவிஸ்காரன் நேரம் தவறமாட்டானெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார்.

நாங்கள் வேலிக்கு வந்தபோது பதின்மூன்றாவது ஆள் வெளியே வந்துகொண்டிருந்தார். லிசெற் கழுவின நெற்றியோடு, மயிர் ஈரமாக ஒட்டி நின்றது. துஷா வேலி முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். அப்பாவைக் கண்டதும் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள், அவ்வளவுதான். மணி அடித்தது.

மரப்பாலத்தை ஏறி இறங்கினார்கள். தண்ணீர்க் குழிக்குள் நடந்தார்கள். அடுத்தது நிறநிறமான நாடாக்கள் தொங்கும் வளைவு. லிசெற் நின்றுவிட்டது. ஓர் அடி பின்னால் வைத்தது. மாமாவின் கை வேலியை இறுக்கியது. துஷா அடிக்கவில்லை, கத்தவில்லை. கழுத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு காலை மெல்ல நெருக்கினாள். நாடாக்கள் முகத்தில் உரச அது உள்ளே போய் வெளியே வந்தது. கடைசித் தடை ஒரு படலை. குதிரையில் இருந்தபடியே அதைத் திறந்து, உள்ளே போய், திரும்பிப் பூட்டவேண்டும். ஒரு கையால் செய்தாள். மூன்று நிமிடம் பத்து வினாடி. பதினான்கு பேரில் ஐந்தாவது இடம்.

மாமா வேலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு மாமியைப் பார்த்து, "படலையைத் திறந்து திரும்பப் பூட்டினாளெல்லோ! வீட்டில ஒருநாளாவது கதவைப் பூட்டினவளோ?" என்றார்.

"நான் திருநீறு பூசாட்டி நீங்கள் அதைப் பாத்திருக்கமாட்டியள்" என்றார் மாமி. கோப்புப் பெண்ணும் வந்து மாமியிடம், அடுத்த முறை சோதனை முடிந்தபிறகு பூசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். "அப்ப அடுத்த வருசமும் வரச் சொல்லுறா" என்று மாமி மொழிபெயர்த்தார்.

மரத்தடியில் மாமி கொண்டுவந்த மரக்கறி ரோல்ஸ் சாப்பிட்டோம். மாமா போய்க் காரிலிருந்து போனை எடுத்து வந்தார். யாரோ அழைத்தார்கள். லிசெற்றின் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கதைத்தது எங்களுக்குக் கேட்டது: "இல்லை இல்லை, டொக்டர் இல்லை. அது நான் சும்மா சொன்னது. குதிரை ஓடுறவள்." துஷா சேணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

போக விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள். காலை பத்துக்கு முன்னர் போங்கள், கார் என்றால் அதற்கும் முன்னர். சப்பாத்து சேறு தாங்கவேண்டும். நிழல் குறைவு, தொப்பி அவசியம். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அவித்த உருளைக்கிழங்கும் உருக்கின பாற்கட்டியும் 9 பிராங், தாராளமாகத் தருவார்கள். குதிரைக்குப் பின்னால் பிள்ளைகளை விடாதீர்கள், கேட்காமல் தீனி கொடுக்காதீர்கள், திருநீறும் பூசாதீர்கள். போனைக் காரில் விடாதீர்கள். யாருடைய அச்சடித்த தாளையும், என்னுடையதையும்தான், நம்பி நிற்காதீர்கள். வந்ததும் செயலகக் கூடாரத்தில் ஒருமுறை கேளுங்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வருகிறவர்கள் தலையில் போடுவது சரியில்லை என்றும் எனக்குப் பட்டது. அந்தக் கிராமத்தில் எல்லாவற்றையும் செய்பவர்கள் சம்பளமில்லாத ஆட்கள், காலை ஐந்திலிருந்து நிற்கிறார்கள். அவர்களிடம் குறை சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் வளையங்களுக்கு இலக்கத்தோடு ஒரு நிறக்கொடியும் இருந்தால், இடம் மாறும்போது கொடியும் கூடவே மாறும், எந்த மொழிக்காரரும் கண்டுகொள்வார். கடவுச்சீட்டுச் சோதனையை வாசலில் வைக்காமல் ஒரு மணித்தியாலம் முன்னரே வைத்தால் ஓட்டக்காரருக்குப் பதற்றம் இருக்காது. மேல் வயலுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வேண்டும். குதிரைகள் உடம்பைச் சூடாக்கும் இடத்துக்குள்ளால் குழந்தை வண்டில்கள் போய்வந்தன, அதற்கு ஒரு கயிறு கட்டினாலே போதும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வாசலில் இருந்த கருத்துப் பெட்டியில் போட்டுவிட்டு 16.20 ரயிலைப் பிடித்தேன். எழுதுவது எனக்குச் சுகம்.

மூன்று கிழமை கழித்து மீசைக்கார அறிவிப்பாளர் அழைத்தார். ஏற்பாட்டுக் குழுவின் தலைவரே அவர்தானாம். தாளைப் படித்தார்களாம். நவம்பரில் கூட்டம், வந்து நேரில் சொல்லவேண்டும் என்றார். "எழுதி அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். "ஒலிவாங்கியில் நன்றாகத்தானே கதைத்தீர்கள்" என்று சிரித்தார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு நான் எழுத வந்ததன் உண்மையான காரணம் இதுதான். இருபது விவசாயிகளுக்கு முன்னால், 'எனக்குத் தோன்றியது' என்று தனியாக நின்று சொல்ல என்னால் முடியாது. உங்களில் யாராவது ஜூராவிலோ ஏமெந்தாலிலோ வேறெங்கோ இப்படி ஒரு கண்காட்சிக்குப் போய், வழி தெரியாமல் நின்றிருந்தால், எங்கே நின்றீர்கள், எதைப் பார்க்காமல் போனீர்கள் என்று ஒரே ஒரு வரி கீழே எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும், பிரெஞ்சுக்கு நான் மாற்றுகிறேன். அந்த வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பினால் எனக்குக் குரல் வரும். முதல் வரி ஏற்கனவே வந்துவிட்டது, ரஞ்சன் மாமா சொல்லச் சொல்ல எழுதினேன்: "மாட்டு வளையத்தில ஒரு மணித்தியாலம் முன்வரிசையில நிண்டனான். மாடுகள் நல்ல மாடுகள். ஆனால் நான் வந்தது என்ர மகளைப் பாக்க." தயவுசெய்து, இரண்டாவது வரியை நீங்கள் எழுதுங்கள்.